வசூல் இல்லாத சிங்கிள்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி, அண்ணாமலை நகரில் மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பஸ்ஸைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி கொஞ்சம் தயங்கினார். "அக்கா, அம்பேத்கர் ஜெயந்திக்கு பஸ்ஸா?" என்று கேட்டார். ஆமாம், பஸ்தான். அண்ணலின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

1901ஆம் ஆண்டு. கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, ஒன்பது வயது பீமராவ் தன் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. இரட்டை வாடகை தர வேண்டும், வண்டியையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். இதை அண்ணலே எழுதியிருக்கிறார்.

இரட்டை வாடகை என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு, சாதி என்றோ எழுதிவைத்த பதில் அது.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது. டவுன் பஸ் காலையில் ஒரு சிங்கிள், மாலையில் ஒரு சிங்கிள் காலனி வரை வந்து திரும்பும். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது மாலைச் சிங்கிள் ஊர்த்தெருவோடு நின்றுபோனது. அங்கிருந்து காலனிக்கு இரண்டு கிலோமீட்டர், வயலை ஒட்டிய பாதை, விளக்கு கிடையாது. மனு கொடுக்கப் போன அப்பாவுக்கு பணிமனையில் கிடைத்த பதில், "அங்க வசூல் இல்லப்பா."

பாருங்கள், அந்தப் பதிலில் சாதிப் பெயர் இல்லை, வசவு இல்லை. வெறும் கணக்குதான். ஆனால் வசூல் ஏன் இல்லை? ஏறுகிறவர்களில் பாதிப்பேர் இலவச பாஸ் வைத்திருந்த பள்ளிப் பிள்ளைகள். மீதிப்பேர் நடவுக்கும் களையெடுப்பதற்கும் போய்த் திரும்பும் கூலிக்காரர்கள். வேலை இல்லாத நாளில் அவர்கள் பஸ் ஏறுவதே இல்லை. நம் வறுமையையே காரணமாகக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். அதன்பின் கையில் காசு இருந்தவர்கள் ஷேர் ஆட்டோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுதான் நம் காலத்து இரட்டை வாடகை. அப்பா தினமும் சைக்கிளோடு வந்து நின்றதால் நான் படித்தேன். கூடப் படித்த இரண்டு பெண்களை இருட்டில் நடந்துவர வீட்டில் விடவில்லை. அவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரவே இல்லை.

பஸ்ஸுக்கும் சாதிக்கும் உள்ள வழக்கு பழையது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் தனியார் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார் உத்தரவிட்டார். உரிமம் கொடுக்கும் அதிகாரம் மக்கள் மன்றத்தின் கையில் இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. 1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகத் தொடங்கின. இடஒதுக்கீட்டின் வழியே நம் பிள்ளைகள் ஓட்டுநரும் நடத்துநரும் ஆனார்கள். 1997இல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் நடந்தது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. ஏறவிடாமல் தடுத்தது ஒரு காலம், பெயரைப் பொறுக்காதது ஒரு காலம். இன்று அதே வேலையை வசூல் கணக்கு சத்தமில்லாமல் செய்கிறது.

சரி, பணம் எங்கே என்று கேட்பார்கள். பார்ப்போம்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஈடுசெய்வதாக அன்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே ஓர் அமைச்சர் மேடையில் அதை "ஓசி" என்றார். அதே 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் வரி குறைத்தார்கள். அதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு. பைக்கும் காரும் வைத்திருப்பவருக்குக் கிடைத்த அந்தச் சலுகையை ஓசி என்று யாராவது சொன்னார்களா? மகளிர் பயணத்துக்கான தொகை 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 3,600 கோடியாக வளர்ந்திருக்கிறது. இதைச் சுமை என்கிறார்கள். இத்தனை பெண்கள் இத்தனை காலம் காசில்லாமல் வீட்டோடு கிடந்தார்கள், கால்நடையாகப் போனார்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்கிறேன் நான்.

அடுத்தது நம்மைப் போன்ற ஊர்களின் நிலை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் 119 கிலோமீட்டருக்கு 63,246 கோடி. சென்னைக்கு மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றிய அரசு 2023இல் பத்தாயிரம் மின்சாரப் பேருந்துகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள நகரங்களுக்கே அது முதன்மையாக வகுக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் கடலூருக்கு ஏறத்தாழ 1.73 லட்சம், சிதம்பரத்துக்கு 62 ஆயிரம். நாம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் பட்டியலின மக்கள் ஏறத்தாழ 29 விழுக்காடு, மாநில அளவில் 20 விழுக்காடு. மெட்ரோவும் வராத, மின்சாரப் பேருந்தும் வராத ஊர்களில் நாம்தான் கூடுதலாக இருக்கிறோம்.

இந்த வளாகத்து மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்துப் போராடிய பிறகு, 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியானது. பெரிய வெற்றி அது. ஆனால் புறநகர்ப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் கிடையாது, தனியார் பேருந்திலும் கிடையாது. கடலூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரும் தாய் முழுக்கட்டணம் கொடுத்துத்தான் வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, காலனிக்குப் போகும் நடையை வசூலை வைத்து அளக்கக் கூடாது. ஓடிய கிலோமீட்டருக்கு அரசு பணம் கொடுக்கட்டும். ஓடாவிட்டால் பணம் இல்லை. எந்த நடையையும் நிறுத்துவதற்கு முன் கிராம சபையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அரசு பஸ் போடும் டீசலுக்கும் மாநில அரசு வரி வாங்குகிறது. அந்த வரி அப்படியே கழகங்களுக்குத் திரும்ப வேண்டும். தனியார் கார்களின் வாகன வரியில் ஒரு பங்கும் பஸ்ஸுக்கு வர வேண்டும். ஆனால் எல்லோரும் ஏறும் பஸ்ஸுக்காக ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியில் கை வைக்கக் கூடாது. அந்த நிதியைக் காக்க 2024இல் சட்டமே வந்திருக்கிறது.

மூன்றாவது, அரசு பஸ் வராத இடத்துக்குத் தனியார் மினி பஸ் போதும் என்ற பேச்சை நாம் ஏற்கக் கூடாது. அதில் இடஒதுக்கீடு இல்லை, பெண்களுக்கு இலவசம் இல்லை. 2024 ஜனவரியில் ஓய்வூதியர்களின் அகவிலைப்படிக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தத் தொழிலாளர்களும் நாமும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். வெளியே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் காலனிக்கு வந்து நின்றுபோன சிங்கிள் எது, எந்த ஆண்டு நின்றது, அப்போது என்ன காரணம் சொன்னார்கள், அதனால் யார் படிப்பை விட்டார்கள் என்று எழுதுங்கள். நோட்டு நிறைந்ததும், ஒரு திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப்போவோம். முதல் பக்கத்தில் எங்கள் ஊரை எழுதிவிட்டேன்.

ஜெய்பீம்.