உழவர் சந்தையில் ஓர் ஆனி மாதம்

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பொறியியலின் எதிர்காலம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். "சார், இந்த வருஷம் எனக்குக் கத்தரிக்காயின் நிகழ்காலம்தான் தெரியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதையே பேசு" என்று சொல்லிவிட்டார். ஆகவே இனி வரும் குற்றங்களுக்கு அவரும் பொறுப்பு.

நான் குடியிருப்பது சிட்லபாக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் மஞ்சப்பை இரண்டை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, ஏரிக்கரை வழியாகக் குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரம் உழவர் சந்தைக்குப் போவேன். முதலில் மனைவியின் கட்டளைக்காகத்தான் போனேன். பிறகு அவர் வேண்டாம் என்றாலும் போக ஆரம்பித்துவிட்டேன்.

அக்னி நட்சத்திரம் முடிந்து ஆனி பிறந்த பிறகு சந்தைக்கு ஒரு தனி அழகு வரும். பகலில் வெயில் குறைந்த பாடில்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை கொட்டியிருக்கும். காலையில் தரை ஈரமாக, கீரைக்கட்டும் ஈரமாக, கொத்தமல்லி வாசனை வாசலிலேயே வந்து கையைப் பிடித்து இழுக்கும். பங்கனப்பள்ளி விடைபெறும் சமயம், நீலம் மாம்பழம் வந்து இறங்கும். வெள்ளரிப் பிஞ்சு, முலாம்பழம், பலாச்சுளை எல்லாம் "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று சொல்வதுபோல் இருக்கும். வெளியே ரோட்டோரத்தில் கடைசி நுங்கு. முற்றிப்போனதா இளசா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பதில் நான் இன்றுவரை தேர்ச்சி பெறவில்லை. அதில் மட்டும் அரியர்!

இளைய மாணவர்களுக்காக ஒரு சிறு பாடம். முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில், கலைஞர் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987 முதல் நடந்த 'அப்னி மண்டி'யும், 1999 தொடக்கத்தில் ஆந்திராவில் வந்த 'ரைத்து பஜா'ரும் இதற்கு முன்னோடிகள். 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல சந்தைகள் களையிழந்தன. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன.

ஏற்பாடு எளிமையானது. உண்மையான விவசாயிதானா என்று பார்த்துப் புகைப்பட அடையாள அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த மார்க்கெட்டில் 30 ரூபாய்க்குப் போகும் காய் வெளியே கடையில் 42 என்றால், இங்கே 36. விவசாயிக்கு ஆறு லாபம், நமக்கும் ஆறு லாபம். இவ்வளவு சுத்தமாக இரண்டு பக்கமும் சமன்படும் கணக்கு எனக்குப் பரீட்சையில்கூட வந்ததில்லை.

அங்கே கத்தரிக்காய் விற்கும் ஓர் அக்கா. செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமம். விடிகாலை மின்சார ரயிலில் மூட்டையோடு வருவார். சில வருடப் பழக்கத்தில் "சார்" போய் "தம்பி" வந்துவிட்டது. சென்ற ஆனியில் இரண்டு ஞாயிறு அவர் இடம் காலியாகக் கிடந்தது. மூன்றாம் வாரம் வந்தார். முகத்தில் தெளிவில்லை.

"தம்பி, நீங்க இஞ்சினியர்தானே? பையனுக்கு ஏதோ கவுன்சலிங்காம். போன்ல மெசேஜ் வந்திருக்கு. என்னான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. நல்ல மார்க். ஆனால் ஊரில் யாரோ ஒருவர், "லட்சக்கணக்கில் கட்டினால்தான் சீட்" என்று சொல்லியிருக்கிறார். அதற்காக இருக்கிற நாற்பது சென்ட்டை விற்க அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு. அந்த இரண்டு வாரம் அந்த அலைச்சல்தான்.

"அக்கா, அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா?"

"இல்லப்பா. புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021ல் சட்டம் வந்திருக்கிறது, அப்படிச் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்று. அவர் நம்பவில்லை. நான் காய் வாங்க வந்தவன், என்னை எப்படி நம்புவார்? அன்று மத்தியானம் பையனையே வீட்டுக்கு வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தோம். பையனுக்கு நம் கல்லூரி கிடைக்கவில்லை, கட் ஆஃப் கொஞ்சம் குறைந்துவிட்டது. வேறொரு நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். நாற்பது சென்ட் அப்படியே இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு அக்கா மறுபடி கத்தரி நட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். சிட்லபாக்கம் 2021 வரை பேரூராட்சி, இப்போது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. எங்கள் ஏரி ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் தந்த ஏரி. அந்த வயல்கள்தான் இன்றைக்கு எங்கள் தெருக்கள். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றபோதுதான் அது எங்களுக்கு ஞாபகம் வந்தது. என் வீடு நிற்கிற மனையையும் யாரோ ஒரு விவசாயி, மகன் படிப்புக்கோ மகள் கல்யாணத்துக்கோ, ஒரு புதன்கிழமை அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளைப் படித்துச் சொல்ல அன்றைக்கு ஆள் இருந்ததோ இல்லையோ.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கட்டடம் கட்டுங்கள், கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். கூடவே, ஒவ்வொரு வருஷமும் கவுன்சலிங் மாதங்களில் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். நாற்காலி ஒன்றில் ஒரு பழைய மாணவர், இன்னொன்றில் ஒரு தற்போதைய மாணவர். செலவு, டீக்காசுதான். முதல் ஞாயிற்றுக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் போடுங்கள். அதற்கு முன்னால் எனக்குச் சந்தை இருக்கிறது.