எந்த வினைச்சொல்லால் கேட்டீர்கள்?



இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? ஹிட், பம்ப், கொலைட், க்ராஷ், ஸ்மாஷ், ராம், க்ளாஷ் என்று அகராதி ஒரு வரிசையே தரும். எல்லாம் ஒரே பொருள்தானே, ஏதாவது ஒன்றைப் போட்டுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சோதனை இருக்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1974இல் அதை வெளியிட்டார்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளைக் காட்டும் ஏழு சிறு படங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு படம் முடிந்ததும் ஒரு கேள்வித்தாள். கார்கள் மோதிக்கொண்டபோது எவ்வளவு வேகத்தில் வந்தன என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. எல்லோருக்கும் அதே படங்கள், அதே கேள்வி. 'மோதிக்கொண்டபோது' என்ற இடத்தில் போட்ட வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு வேறு.

'காண்டாக்ட்' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். 'ஹிட்' என்று கேட்டபோது 34 மைல். 'பம்ப்' 38.1 மைல், 'கொலைட்' 39.3 மைல். 'ஸ்மாஷ்' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னதோ 40 மைலுக்கும் மேல். ஒரு சொல்லை மாற்றியதும் காரின் வேகம் ஏறத்தாழ 9 மைல், நம் கணக்கில் சுமார் 14 கிலோமீட்டர், கூடிவிட்டது.

ஏழு படங்களில் நான்கு, வேகத்தை முன்பே நிர்ணயித்து எடுக்கப்பட்ட மோதல்கள். ஒன்றில் வேகம் 20 மைல், இன்னொன்றில் 30, மற்ற இரண்டிலும் 40. மாணவர்கள் நான்குக்குமே சராசரியாக 36 மைலிலிருந்து 40 மைலுக்குள்தான் சொன்னார்கள். கண்ணால் பார்த்த வேகத்தைக் கணிக்க நம்மால் முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் வினைச்சொல் புகுந்துகொள்கிறது.

இதில் எனக்கு வியப்பு 'பம்ப்' என்ற சொல்தான். அகராதிப்படி அது மென்மையான இடி. வண்டியின் முன்னே இருக்கிற பம்பருக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். அப்படியிருந்தும் ஹிட்டைவிட அதற்கு அதிக வேகம் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்மாஷுக்கும் பம்புக்கும் பின்னால் 'இன்டு' என்ற சொல் வருவது வழக்கம். ஒன்றுக்குள் ஒன்று புகுந்தது போன்ற ஓர் உணர்வை அந்தச் சின்னச் சொல் தருகிறது. அதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அடுத்து 150 பேரை வைத்து இன்னொரு சோதனை. படம் பார்த்து ஒரு வாரம் கழித்து அவர்களைத் திரும்ப அழைத்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதல் நாளில் 'ஹிட்' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள். வேகத்தைப் பற்றியே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். 'ஸ்மாஷ்' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர்! ஒரு வாரம் முன்பு கேள்வித்தாளில் படித்த வினைச்சொல், இல்லாத கண்ணாடியை உடைத்துச் சிதற விட்டிருக்கிறது. நீதிமன்றக் கூண்டில் ஏறும் சாட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஸ்மாஷுக்கு ஏன் இவ்வளவு பலம்? சொல்லிப் பாருங்கள்: ஸ்மாஷ், க்ராஷ், பாஷ், க்ளாஷ். எல்லாம் 'ஆஷ்' என்ற ஓசையில் முடிகின்றன. எல்லாவற்றிலும் ஓர் அடி விழுகிறது. ஒரே ஓசைத்துண்டு பல சொற்களில் ஒரே உணர்வைத் தருவதற்கு ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930இல் தனிப் பெயரே வைத்தார். 'கொலைட்' லத்தீனிலிருந்து வந்த சொல், அதில் அந்தச் சத்தம் இல்லை. அதனால்தான் காவல்துறைக் குறிப்புக்கும் அறிவியல் கட்டுரைக்கும் அது பொருந்துகிறது. இரண்டுமே நகர்ந்துகொண்டிருந்தால்தான் கொலைட் என்று எழுதலாம், நின்ற லாரியில் கார் மோதினால் அந்தச் சொல் கூடாது என்று அமெரிக்கச் செய்தி அறைகளில் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள்.

'ராம்' என்றால் ஆட்டுக்கடா. அது வினையாகும்போது, வேண்டுமென்றே முட்டியது என்ற குற்றச்சாட்டும் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. தெரியாமல் எழுதாதீர்கள். 'க்ளாஷ்' வாள்களுக்கும் கருத்துகளுக்கும் ஒரே நாளில் வந்துவிட்ட இரண்டு தேர்வுகளுக்கும் உரியது. கார்களுக்கு வேண்டாம்.

'க்ராஷ்' என்ற சொல்லுக்காக ஒரு போராட்டமே நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001இல் 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்ப்பதாக அறிவித்தது. ஆக்சிடென்ட் என்றதும் யாராலும் தடுத்திருக்க முடியாதது, விதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. குடித்துவிட்டு ஓட்டியதும் தாறுமாறான வேகமும் விதி அல்லவே. க்ராஷ் யாரையும் குற்றம் சொல்வதில்லை, யாரையும் விடுவிப்பதும் இல்லை. அந்த இதழ் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். நம் 'விபத்து' என்ற சொல்லையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 2024 மார்ச் 26ஆம் தேதி அதிகாலை, பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டாலி என்ற சரக்குக் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் ஆற்றில் சரிந்தது. பாலத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணைத் தலைப்பில் இதற்குப் போட்ட சொல் 'காண்டாக்ட்'. நிலையாக நிற்கும் ஒன்றில் கப்பல் மோதினால் அதுதான் அவர்களுடைய துறைச் சொல். ஆனாலும், மாணவர்களிடம் 31.8 மைல் வாங்கிய மிக மென்மையான சொல் அந்தச் சாவுகளின் மேல் நிற்பதைப் படிக்கும்போது மனம் ஒப்பவில்லை.

தமிழிலும் இதே கதைதான். பஸ் உரசியது என்றால் ஓட்டுநர் பக்கம் பேசுகிறோம். இடித்துத் தள்ளியது என்றால் அடிபட்டவர் பக்கம் பேசுகிறோம். விசாரணை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஆகவே நேயர்களே, ஆங்கிலத்தில் எழுதும்போது சந்தேகம் வந்தால் 'ஹிட்' என்று எழுதுங்கள். அதைவிட வலிமையான சொல் வேண்டுமென்றால், அதற்கான சேதத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். விபத்தை நேரில் பார்த்த ஒருவரிடம், அதுவும் ஒரு குழந்தையிடம், "எப்படி நொறுங்கியது?" என்று கேட்காதீர்கள். "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.