மே ஹில் கண்ணில் படும் தூரம்

நம் ரவிச்சந்திரன் அஸ்வின் 2017-இல் இங்கிலாந்தின் வொர்செஸ்டர்ஷயர் கவுண்டி அணிக்கு ஆடியது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த அணியின் சின்னம் மூன்று பேரிக்காய்கள். சின்னத்தில் இருப்பது சமையலுக்கு ஆகும் கரும்பேரி. நான் பேச வந்தது வாயில் வைக்க முடியாத இன்னொரு பேரியைப் பற்றி.

வொர்செஸ்டர்ஷயர், ஹெரஃபோர்ட்ஷயர், குளோஸ்டர்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அந்தப் பேரியைப் புளிக்கவைத்து மது செய்கிறார்கள். அதன் பெயர் பெர்ரி. காய் சின்னது, துவர்ப்போ நாக்கைப் பிடித்து இழுக்கும். பார்லண்ட் என்ற வகையைப் பசித்த பன்றியும் தொடாது என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மதுவுக்கு உடலும் மணமும் தருவது அந்தத் துவர்ப்புதான்.

செய்முறையில் அவசரம் செல்லாது. சில வகைகள் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அழுகத் தொடங்கிவிடும். விழுந்த சில நாளில் அரைத்தாக வேண்டும். அரைத்த கூழை இரவு முழுக்க அப்படியே விட்டால் துவர்ப்பு கொஞ்சம் அடங்கும். பிறகு பிழிந்து பீப்பாயில் ஊற்றுவார்கள். பேரியில் சார்பிட்டால் என்றொரு சத்து உண்டு. ஈஸ்டால் அதைச் சாராயமாக்க முடியாது; அதனால் சர்க்கரை சேர்க்காமலே கடைசிவரை ஓர் இனிப்பு நிற்கும். அளவு மீறினால் தலைக்கு முன்னால் வயிறு கலங்குவதற்கும் அதே சார்பிட்டால்தான் காரணம்!

மரமும் அப்படித்தான், நிதானமாகவே வளரும். பேரி நடுகிறவன் வாரிசுக்கு நடுகிறான் என்பது அவ்வூர்ச் சொலவடை. வளர்ந்துவிட்டாலோ முந்நூறு ஆண்டுகூட நிற்கும். ஹோம் லேசி என்ற ஊரில் ஒரு மரத்தின் கிளைகள் தரையில் படிந்து வேரூன்றி, 1790 வாக்கில் முக்கால் ஏக்கரைப் பிடித்துக்கொண்டதாம்.

மே ஹில் என்ற குன்று கண்ணில் படும் தூரத்தில்தான் நல்ல பெர்ரி பிறக்கும் என்பார்கள். இது கொஞ்சம் ஊர்ப்பெருமை. கடல் தாண்டி நார்மண்டியின் டோம்ஃப்ரோன் பகுதியில் செய்யும் பேரி மதுவுக்கு 2002-இல் பிறப்பிட முத்திரையே கிடைத்திருக்கிறது.

இங்கிலாந்துக்கே திரும்பினால், 1953-இல் சாமர்செட்டின் ஷெப்டன் மாலட்டிலிருந்து பிரான்சிஸ் ஷவரிங் ‘பேபிசாம்’ என்று குட்டிப் புட்டியில் நுரைக்கும் பெர்ரியைப் பெண்களுக்கென்றே விற்றார். தொலைக்காட்சி விளம்பரத்தால் நாடெங்கும் ஓடியது. குடித்தவர்களில் பலர் அது பேரிக்காய் என்று யோசித்திருக்கவும் மாட்டார்கள்.

இன்று சிறு தயாரிப்பாளர்கள் பழைய தோட்டங்களில் அழியப்போகும் வகைகளைத் தேடி ஒட்டுக் கட்டுகிறார்கள். காப்பி என்ற வகையில் முதுமரம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியதாகச் சொல்கிறார்கள். நம் காபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! இவர்கள் புட்டிமேல் மரவகையையும் ஆண்டையும் அச்சிடுகிறார்கள். கடையில் ‘பேர் சைடர்’ என்று குவிந்திருப்பதில் பல, அடர்சாறு வாங்கிக் கரைத்துச் செய்தவை. அவற்றில் எந்த மரம் என்ற பேச்சே இருக்காது.