வாவிக் கரையில் துவிச்சக்கர வண்டி

மலைநாட்டிலே துவிச்சக்கர வண்டிக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். யாழ்ப்பாணத்துச் சமதரையில் வளர்ந்தவனுக்கு அது காலோடு கூடப் பிறந்தது போன்றது. கோயிலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவன் அதிலேயே செல்வான். அவனே கண்டியில் வந்து இறங்கினால், திரும்பிய பக்கமெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் தெருக்களைக் கண்டு, வண்டியை ஊரில் விட்டு வந்தது நல்லதாயிற்று என்று எண்ணுவான். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று, முற்றும் சரியுமன்று. கண்டி மாநகரின் நடுவே, மலைகள் சூழ்ந்த இடத்தில், மட்டமான ஒரு பாதை இருக்கின்றது. அதனை அந்நகருக்கு ஈந்தது நீர்.

தேங்கிய நீர் மட்டமாகவே நிற்கும். ஆதலின் அதன் விளிம்பை ஒட்டிச் செல்லும் பாதையும் பெரும்பாலும் மட்டமாகவே அமையும். மேடு பள்ளம் நிறைந்த நாடுகளில் ஓய்வாக வண்டியோட்ட விரும்புவோர் ஏரிக் கரைகளை நாடுவதன் காரணம் இதுவே. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் சூழ்ந்து நிற்கும் கொன்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 260 கிலோமீற்றர் நீளமான சைக்கிட் பாதை ஒன்று உண்டு. அல்ப்ஸ் மலைகள் கண்ணெதிரே நிற்க, அங்கே முதியோரும் சிறுவரும் குடும்பமாக வண்டியோட்டிச் செல்கின்றனர். மலை அவர்களுக்குக் காட்சியாகின்றது, சுமையாவதில்லை.

சாய்வு எத்துணைச் சுமை என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எடை எனக் கொள்க. இருபது அடிக்கு ஓரடி உயரும் சாலையில், அவ்வெடையின் இருபதிலொரு பங்கு, அதாவது நான்கு கிலோகிராம், இடைவிடாது பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். சமதரையில் மெல்லச் செல்லும்போது எதிர்த்து நிற்கும் விசை அரைக் கிலோகிராமை ஒட்டியதே. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் சாய்வு, காலுக்கு எட்டு ஒன்பது மடங்கு பாரமாகிவிடுகின்றது. இளைஞன் அதனைத் தாங்குவான். அறுபது வயதினருக்கும் பத்து வயதுச் சிறுமிக்கும் நோயினின்றும் தேறி வருவோருக்கும் அது இயலாது. ஆகவே மலைநகர் ஒன்றிலே மட்டமான பாதை என்பது வெறும் அழகன்று. வலிமை குறைந்தோருக்கு உரிய பொதுச் சொத்து.

கண்டி வாவி இயற்கையில் அமைந்ததன்று. தலதா மாளிகையின் முன்னே முன்னொரு காலத்தில் நெல்வயல்கள் பரந்திருந்தன. கண்டியின் இறுதி மன்னனாகிய சிறீ விக்கிரம ராஜசிங்கன் அவ்வயல்களின் குறுக்கே அணை எழுப்பி நீரைத் தேக்கினான். 1807ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இப்பணி, 1812 வரையில் பல கட்டங்களாக நடந்தேறியது. அதன் சிற்பி தேவேந்திர மூலாச்சாரி என்பர். மன்னனோ நாயக்கர் மரபினன். கண்ணுசாமி என்பது அவனது இளமைப் பெயர். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடியில் தோன்றி, சிங்கள அரசின் முடியைச் சூடியவன். தான் ஆக்கிய நீர்ப்பரப்பைப் பாற்கடல் எனப் பொருள்படும் பெயரால் வழங்கச் செய்தான். ‘கிரி முகுத’ என்னும் அப்பெயர் இன்றும் மறையவில்லை.

அப்பாற்கடலும் நஞ்சின்றித் தோன்றவில்லை. வயலை இழந்தும் ஊதியமின்றி உழைத்தும் மக்கள் மனம் கசந்தனர் என்றும், மறுத்து நின்றோர் வாவியின் படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. சிறைப்பட்ட மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர் நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி உள்ளது. மன்னன் நெடுங்காலம் துய்க்காத அழகை, இன்று வழிப்போக்கர் எவரும் காசின்றித் துய்க்கின்றனர்.

அவன் முடியிழந்து இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1817இல், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பார் இரு சில்லுகள் பூட்டிய மர வண்டியொன்றில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி ஓடிக் காட்டினார். மிதிகட்டையும் சங்கிலியும் பின்னரே வந்தன. 1885இல் ஸ்டார்லி என்பாரின் வண்டி இன்றைய வடிவைப் பெற்றது. 1888இல் டன்லப் காற்றடைத்த றப்பர்ச் சில்லுறையைக் கண்டார். அந்த றப்பரின் கதையிலும் கண்டிச் சீமைக்குப் பங்கு உண்டு. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்தபோது, அவற்றைப் பொறுப்பேற்றவை பேராதனைப் பூங்காவும் அதன் கீழ் இயங்கிய ஹெனரத்கொடைத் தோட்டமுமே ஆகும்.

வாவியைச் சுற்றிவரும் தூரம் ஏறத்தாழ இரண்டு மைல். மெல்ல மிதித்தாலும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயினும் இருபது நிமிடத்தில் முடிப்பவன் ஒன்றையும் காணாதவனாவான். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தருகே தொடங்கினால், கரையோரமாகச் செல்லும் ‘வளாகுளு பம்ம’ என்னும் முகிற் சுவர் முதலில் கண்ணில் படும். முகில்கள் அலையலையாக அடுக்கிய தோற்றமும், விழாக் காலத்தில் விளக்கேற்றுதற்குரிய முக்கோண மாடங்களும் அதன் சிறப்பு. வாவி முழுவதையும் அச்சுவர் வளைத்து நிற்கவில்லை. நீருள் கால் ஊன்றி நிற்கும் அரசியரின் நீராட்டு மண்டபமும், நடுவே பசுமை போர்த்த சிறு தீவும், எதிர்க்கரையில் மல்வத்தை விகாரையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நீர்மேற் சாய்ந்த கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தும். கரைக் கற்களில் கபரகொய்யா அசையாது கிடக்கும். பேருந்தில் விரைபவனுக்கு இவை ஒரு கணத்துக் கீற்று. நடப்பவன் நன்கு காண்பான்; ஆனால் நெடுந்தூரம் செல்லான். ஒரு மைல் நடக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே, அதே மைலை மெல்ல மிதித்துக் கடக்கப் போதும். காண்பதற்கு வேண்டிய மெதுவும், கடப்பதற்கு வேண்டிய விரைவும் ஒருங்கே அமைந்தது துவிச்சக்கர வண்டி.

வாவி போதாதென்போர் மேற்கே நான்கு மைல் அளவில் பேராதனைக்குச் செல்லலாம். வழியில் கட்டுக்கலைப் பிள்ளையாரை வணங்கிச் செல்வோர் பலர். அவ்வீதியில் வாகன நெரிசல் மிகுதி. ஆதலின் விடியற்பொழுதே ஏற்றது. மகாவலி கங்கை வளைத்து ஓடும் நிலத்தில், 1821இல் நிறுவப்பெற்ற தாவரவியற் பூங்கா 147 ஏக்கரில் பரந்துள்ளது. வண்டியை வாயிலில் விட்டு நடந்து சென்றால், வரிசையாக நிற்கும் யாழ்ப்பாணத்துப் பனைகளையும் அங்கே காணலாம். அப்பால், 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்த பல்கலைக்கழகம். ஆற்றையடுத்த அதன் தாழ்நிலச் சாலைகள் மிதிப்பதற்கு இனியவை. மேட்டிலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கோ வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறல் வேண்டும். குன்றுதோறாடுபவன் சந்நிதிக்கு இறங்கி நடந்து செல்வது முறையுமாகும்.

இன்று வாவிக் கரையை ஓய்வாகச் சுற்றுதல் எளிதன்று. கண்டி ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. வாகனங்கள் கக்கும் புகை மலைகளுக்கிடையே சிக்கி, எளிதில் வெளியேறாது தங்குகின்றது. நடைபாதை நடப்போருக்கு உரியது. அதில் வண்டியோட்டுதல் தகாது. சாலையோ இயந்திர வாகனங்களின் வசமாயிற்று. இரண்டுக்கும் நடுவே துவிச்சக்கர வண்டி இடமின்றி நிற்கின்றது.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, நிலை ஒருவாறு மாறியது. ஜூன் மாத இறுதியில் இன்றியமையாச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற கட்டளை பிறந்தது. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் தூசு தட்டப்பட்டன. புதியவற்றின் விலை ஏறியது. வைத்தியரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் மிதித்தே கடமைக்குச் சென்றனர். அது துன்பக் காலம், அதனைப் புகழ்வதற்கில்லை. எனினும், வறுமையால் நேர்ந்ததை விருப்பத்தால் செய்ய இயலாதா என்னும் கேள்வியை அக்காலம் விட்டுச் சென்றது.

பாடசாலைப் பிள்ளைகளையும் நோயாளரையும் ஏற்றிச் செல்லும் வீதியை முற்றாக மூடுதல் நியாயமாகாது. ஆனால் கிழமையில் ஒரு நாள், ஞாயிறு விடியற்காலையில் இரண்டு மணி நேரம், அவ்விரண்டு மைல்களைக் காலால் இயங்கும் சில்லுகளுக்கும் நடப்போருக்கும் விடுதல் பெரிய தியாகமன்று. வண்டியோட்டுவோரும் தம் கடமையை உணர்தல் வேண்டும். இருவர் மூவராக அணிவகுத்து வழியை அடைத்தலாகாது. வழிபடுவோர் கடக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்லுதல் பண்பு. மழை நனைத்த சில்லில் தடை உடனே பிடியாது. ஆதலின் மழைநாளில் மேலும் மெல்லச் செல்லுதல் வேண்டும்.

மன்னன் ஒருவனின் ஆசையும் பெயரறியா மக்களின் உழைப்பும் சேர்ந்து ஆக்கியது அவ்வாவி. மலைநகரில் கிடைத்தற்கரிய சமதரையை அது தன் கரையில் ஏந்தி நிற்கின்றது. அதிலே முதியவர் ஒருவர் அச்சமின்றி மிதித்துச் செல்லவும், சிறுமி ஒருத்தி விழுந்தெழுந்து வண்டி பழகவும் இடமிருக்குமாயின், அன்று உழைத்தோரின் வியர்வைக்கு ஒரு பயன் விளைந்ததாகும்.