விருந்தறையும் பொதுவாழ்வும்

பலர் கூடி ஒரு காரியத்தைச் செய்ய வேண்டுமாயின், முதற்கண் அவர்கள் கூடுதற்கு ஓர் இடம் வேண்டும். கிராமத்திலே அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கோயில் மண்டபம் உண்டு, வாசகசாலை உண்டு, வீட்டு முற்றத்திலே பந்தலிட்டால் நூறு பேர் பந்தியில் இருந்து உண்ணலாம். மாநகரத்தின் நிலை வேறு. அங்கே பத்துப் பேர் ஒருங்கே அமர்ந்து உண்ணத்தக்க கூடம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. உணவுச்சாலையின் பொதுக் கூடத்திலோ அயல் மேசைக்காரரின் செவிகள் இருக்கும்; எதிரே இருப்பவர் சொல்வது கேளாத இரைச்சலும் இருக்கும். இவ்விரு குறைகளையும் நீக்க எழுந்ததே, ஒரு குழுவினர்க்கு மாத்திரம் ஒதுக்கப்படும் தனி விருந்தறை.

பணம் கொடுத்து ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்குப் பெறும் அறை என்று பார்த்தால் இது சிறிய செய்தியே. ஆயினும் இத்தகைய அறைகளிலே நடந்தவற்றை நோக்கினால், கல்வி, விஞ்ஞானம், விளையாட்டு, மாதர் உரிமை ஆகிய துறைகள் பலவற்றின் வரலாறு அங்கே கிடப்பதைக் காணலாம். இலண்டன் மாநகரம் இதற்குத் தக்க சான்று.

1764ஆம் ஆண்டிலே, ஓவியர் யோசுவா றெனால்ட்சின் யோசனைப்படி, அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜோன்சன் முதலிய ஒன்பதின்மர் ஒரு சிறு கழகத்தைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘கழகம்’ என்பதே. இலண்டனின் சோகோப் பகுதியில், ஜெராட் வீதியிலிருந்த ‘துருக்கியர் தலை’ என்னும் விடுதியிலே, திங்கட்கிழமைதோறும் இரவு ஏழு மணிக்கு அவர்கள் கூடி உண்டனர். உண்டபின் நெடுநேரம் உரையாடினர். எட்மண்ட் பேர்க்கும் ஒலிவர் கோல்ட்ஸ்மித்தும் அந்த ஒன்பதின்மருள் இருந்தனர். நடிகர் டேவிட் கறிக், வரலாற்றாசிரியர் எட்வேட் கிபன், பொருளியலறிஞர் அடம் சிமித் ஆகியோர் பின்னர்ச் சேர்ந்தனர். நாடுகளின் செல்வம் பற்றிய சிமித்தின் பெருநூலும், உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய கிபனின் முதல் தொகுதியும் 1776 என்னும் ஓராண்டிலேயே வெளிவந்தன. அவ்வாண்டிலே இருவரும் அந்த மேசையின் உறுப்பினர்கள். அரசியலிலே ஜோன்சனும் பேர்க்கும் எதிரெதிர்க் கட்சியினர். எனினும் ஒரே மேசையில் இருந்து உண்டனர். பாராளுமன்றத்திலே அல்லது பத்திரிகையிலே சொன்னாற் பகையாய் முடியக்கூடிய சொற்களை, கதவு அடைத்த அறையிலே நண்பர் முன்னிலையிற் சொல்லி, மறுப்புக் கேட்டு, சிரித்து எழுந்து போக அவர்களால் இயன்றது.

அதே கழகத்திலே, கூடி உண்பார் எல்லோரும் இன்றும் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலும் எழுந்தது. உறுப்பினருள் ஒருவரான ஜோன் ஹோக்கின்ஸ் இரவிலே உண்ணும் வழக்கமில்லாதவர். தாம் உண்ணாத உணவுக்குத் தாம் ஏன் பங்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். மற்றையோர் அவருக்கு விலக்களித்தனர். ஆனால் அவரை மதிப்பதை விட்டுவிட்டனர். கழகத்துக்கு ஒவ்வாத மனிதர் என்று பொருள்படும் ஒரு புதுச் சொல்லை ஜோன்சன் அவர் மீது சூட்டினார் என்பது, எழுத்தாளர் பனி பேர்ணி குறித்து வைத்த செய்தி. ஹோக்கின்ஸ் பேர்க்குடன் முரட்டுத்தனமாகப் பேசியமையாலேயே விலக நேர்ந்தது என்று கூறுவாரும் உளர். எதுவாயினும், ஹோக்கின்சின் கேள்வியில் ஒரு நியாயம் இருந்ததை மறுத்தல் ஆகாது. பெருநிதி படைத்தவரும் சிறு வருவாயினரும் ஒரே மேசையில் இருக்கையிலே, பங்கு சமமாயின் பாரம் சமமாகாது. அவர் தவறியது, இதனை முன்னரே பேசித் தீர்க்காமையிலேதான்.

இலண்டனிலே பெரிய குயீன் வீதியில் இருந்த ‘பிறீமேசன்ஸ்’ விடுதி இன்னும் புகழ் வாய்ந்தது. விருந்துக்கும் கூட்டத்துக்கும் அறைகளை வாடகைக்கு விடுவதில் அது பெயர் பெற்றிருந்தது. 1807ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி அங்கே விருந்துண்டவர்கள் புவிச்சரிதவியற் சங்கத்தை நிறுவினர். மண்ணையும் பாறையையும் பற்றிப் பேசிக்கொண்டே உண்ணும் ஒரு சிறு குழு என்ற அளவிலேயே அது தொடங்கிற்று. 1820ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி பதினான்கு பேர் அதே விடுதியிற் கூடி உண்டு, வானியற் சங்கத்தைத் தொடங்கினர். ஜோன் ஹேர்ஷலும், கணிதப் பொறியைத் திட்டமிட்ட சார்ள்ஸ் பபேஜும் அவர்களுள் இருந்தனர். 1863ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி, இலண்டனின் உதைபந்தாட்டக் குழுக்கள் சிலவற்றின் பிரதிநிதிகள் அங்கே கூடினர். பந்தைக் கையால் ஏந்தி ஓடலாமா, எதிரியின் காலில் உதைக்கலாமா என்ற வினாக்களைப் பல கூட்டங்களில் விவாதித்து, அவ்வாண்டு டிசம்பரில் விதிகளை வகுத்து முடித்தனர். உதைக்கும் உரிமை வேண்டும் என்று நின்ற பிளக்ஹீத் குழு விலகிச் சென்றது. இன்று உலகெங்கும் சிறுவர் விளையாடும் உதைபந்தாட்டத்தின் விதிகள் ஒரு விடுதியின் வாடகை அறையிலே வகுக்கப்பட்டவை.

சொந்தக் கட்டடமும் பெருநிதியும் இல்லாத புதுச் சங்கங்களுக்கு இவ்வறைகள் தொட்டிலாய் அமைந்தன. 1864ஆம் ஆண்டு நவம்பரில், அல்பமால் வீதி விடுதி ஒன்றிலே, தொமஸ் ஹக்ஸ்லி, ஜோசப் ஹூக்கர், ஜோன் டின்டல் முதலியோர் ‘எக்ஸ் கழகம்’ என்னும் உணவுக் கழகத்தை ஆரம்பித்தனர். உறுப்பினர் ஒன்பதின்மர். சட்டதிட்டம் எதுவும் இராது என்பதே அவர்களுடைய ஒரே சட்டம். உணவு முடிந்தபின் அவர்கள் றோயல் சங்கக் கூட்டத்துக்குச் செல்வர். பின்னாளில் அவர்களுள் மூவர் அந்தச் சங்கத்தின் தலைவர்களாயினர். உண்ட மேசையிலே எடுக்கப்பட்ட முடிவுகள் ஒரு நாட்டின் விஞ்ஞானக் கொள்கையையே தொட்டன என்பர் வரலாற்றாசிரியர். இங்கே ஓர் ஐயமும் எழவேண்டும். கதவடைத்த அறை, நண்பர்க்கு உரிமை தருவது போலவே, வெளியே நிற்பவர்க்கு உரிமை மறுக்கவும் வல்லது.

பந்தியில் யாரை இருத்துவது, யாரை நிறுத்துவது என்ற வினா எந்நாட்டுக்கும் உரியது. 1868ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நியூயோர்க் நகரின் டெல்மொனிக்கோ உணவுச்சாலையிலே, நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்சுக்குப் பத்திரிகையாளர் கழகம் ஒன்று பெருவிருந்து அளித்தது. ஜேன் குறோலி என்னும் பெண்மணி தொழில்முறைப் பத்திரிகையாளராயிருந்தும், பெண் என்ற காரணத்தால் அவருக்கு அனுமதிச் சீட்டு முறைப்படி கிடைக்கவில்லை. அவர் வாளாவிருக்கவில்லை, பெண்களுக்கென்றே ‘சொறோசிஸ்’ என்னும் கழகத்தை நிறுவினார். அதே மாதத்திலே, அதே டெல்மொனிக்கோவிலே அக்கழகத்தார் மதிய உணவுக்குக் கூடினர். ஆண் துணையின்றிப் பெண்கள் உணவுச்சாலையில் அமர்வது தகாதென்று கருதப்பட்ட காலம் அது. கவிஞர் அலிஸ் கேரி முதல் தலைவரானார்.

இலண்டனிலும் இவ்வினா நெடுங்காலம் தீராதிருந்தது. பிளீட் வீதியிலுள்ள ‘எல் வினோ’ மதுச்சாலையிலே பெண்கள் பின்னறையில் மேசையருகே இருந்தாலன்றிப் பரிமாறப்படமாட்டாது என்ற வழக்கம் நிலவிற்று. சட்டத்தரணி ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவருமான இரு பெண்கள் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கம் 1975ஆம் ஆண்டின் பால் வேறுபாட்டுச் சட்டத்துக்கு மாறானது என்று 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. தனியறையை ஒருவர் விரும்பிப் பெறுதல் வேறு. ஒருவரைத் தனியறைக்குள் தள்ளுதல் வேறு.

இனி, இன்றைய இலண்டனில் ஒரு பழைய மாணவர் சங்கமோ குடும்பமோ விருந்தறை ஒன்றை ஒழுங்குசெய்ய வேண்டுமாயின், நடைமுறை எவ்வாறு அமைகிறது என்பதை நோக்கலாம். சில இடங்களில் அறைக்கென வாடகை உண்டு. பல இடங்களில் வாடகைக்குப் பதிலாகக் குறைந்தபட்சச் செலவு என்றொரு தொகையை விதிப்பர். உண்டதும் குடித்ததும் அத்தொகையை எட்டாவிடினும் அதனைச் செலுத்தியே ஆகவேண்டும். பெருங்குழுவாயின், முன்னரே தெரிந்தெடுத்த உணவுப் பட்டியலையே ஏற்கச் சொல்வர். முற்பணம் வாங்குவர், வருவோர் தொகையைச் சில நாட்களுக்கு முன்னரே உறுதிசெய்யச் சொல்வர்.

உதாரணமாக, குறைந்தபட்சச் செலவு 1200 பவுண் என்றும், இலண்டனிற் பெருவழக்கான 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் அதன்மேற் சேரும் என்றும் கொள்வோம். மொத்தம் 1350 பவுண். இருபது பேர் வந்தால் ஆளுக்கு 67 பவுண் 50 பென்ஸ். ஐவர் வராது நின்றால், வந்த பதினைவர் தலைக்கு 90 பவுண் கொடுக்க வேண்டும். வராதவரின் பங்கு வந்தவரின் தலையில் விழுகிறது. இங்கே வருத்தம் தோன்றுகிறது. சில வேளை நட்பே முறிகிறது. ஆதலால் ஒழுங்குசெய்வோர் நான்கு செய்திகளை எழுத்திலே பெறுதல் நன்று. சேவைக் கட்டணமும் 20 சதவீத வரியும் சொன்ன தொகையுள் அடங்குமா? எந்நாள் வரை ஆட்தொகையைக் குறைக்கலாம்? கூட்டம் நின்றுபோனால் முற்பணம் திரும்புமா? அறையை எத்தனை மணிக்கு ஒப்படைக்க வேண்டும்? இவற்றை அறிந்தபின், வருவோரிடம் பங்குப் பணத்தை முன்கூட்டியே பெறுதல் கடுமையன்று. வருபவர்க்குச் செய்யும் நீதி.

சட்டமும் சில பாதுகாப்புகளை அளித்துள்ளது. ஒவ்வாமை விளைக்கும் பதினான்கு உணவுப் பொருள்கள் பற்றி உணவுச்சாலையார் தகவல் தரக் கடமைப்பட்டுள்ளனர். வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைக் கட்டணம் முழுவதும் ஊழியர்க்கே சேரவேண்டும் என்ற சட்டம் 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பரிமாறுவோரின் உழைப்பு கணக்கிலே மறைந்துபோகாதிருக்க இது உதவும்.

சட்டம் கேளாத கேள்விகளும் சில உள. மாடியறையாயின், முழங்கால் நோவுள்ள முதியவர் ஏறுவது எவ்வாறு? மரக்கறி மாத்திரம் உண்பவர்க்கு அயலாருடையதற்கு நிகரான உணவு கிடைக்குமா? மது அருந்தாதவர் மதுவின் விலையிற் பங்கு கொடுப்பது முறையா? வருவாய் குறைந்த பழைய தோழர் ஒருவர், தொகையைக் கேட்டு, வேறு வேலை இருப்பதாகப் பொய் சொல்லி நின்றுவிடுவாரா? இந்தக் கடைசிக் கேள்வியை ஒழுங்குசெய்வோர் தமக்குள்ளே முதலிற் கேட்டல் வேண்டும். அவர் மனம் நோகாதவாறு அவர் பங்கைப் பொதுநிதியிலிருந்து கொடுப்பதும், எல்லோர்க்கும் இயைந்த எளிய அறையைத் தெரிவதும் நல்ல வழிகள்.

விருந்து என்னும் சொல் பழந்தமிழிலே புதுமையைக் குறித்தது. பின்னர்ப் புதிதாய் வந்தவரைக் குறித்து, இன்று உணவையும் குறிக்கின்றது. பழையோர் கூடும் அறையிலே புதியவர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி இருத்தல் இச்சொல்லுக்குப் பொருந்தும். ஜோன்சனின் கழகம் ஒன்பதின்மரோடு நின்றிருந்தால், சிமித்தும் கிபனும் அந்த மேசைக்கு வந்திருக்கமாட்டார்கள்.