கார்த்திகைக்கு முன் கூரையைப் பார்ப்போம்

(புரட்டாசி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் பேசி முடித்தாச்சு. இன்னும் பத்து நிமிஷம் நம் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். "கூரையைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இருக்கும்மா, நிறைய இருக்கு.

டிவியில் பார்த்திருப்பீர்கள். காஷ்மீர், இமாச்சல் பக்கம் குளிர்காலத்தில் கூரை மேல் பனி குவியும். அந்தப் பாரம் சறுக்கி விழத்தான் அங்கே கூரையைச் சரிவாகப் போடுகிறார்கள். நம்ம சிறுசேரியில் குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும், அது முடிந்தால் மார்கழி ஓதமும்தான். ஆனால் பாரம் நமக்கும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி பிடித்த மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. இருபதுக்கு இருபது அடி மொட்டை மாடியில் அவ்வளவு மழை விழுந்தால் சுமார் 18,000 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடத்தில் கணக்குப் போட்டால் 1,200 குடம்! குழாயடியில் ஒரு குடத்துக்கு நாம் படும் பாடு நமக்குத் தெரியும். அந்த 1,200 குடமும் தண்ணீர் போகிற வாயில் ஒரு பிளாஸ்டிக் கவர் அடைத்துக்கொண்டால் எங்கே போகும்? மாடியிலேயே நிற்கும். நின்ற தண்ணீர் வெடிப்பைத் தேடிப் போகும்.

இப்போது ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இது எங்கள் செயற்குழு செய்த தப்பு. 2016 புரட்டாசியில் நம் உறுப்பினர் ஒருவர் கூரைக்காகப் பதினைந்தாயிரம் கடன் கேட்டார். கீழே அவர் குடும்பம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு அறை. சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஷீட்டைப் பிடிக்கிற கொக்கி போல்ட்டு துருப்பிடித்துவிட்டது, மாற்றணும் என்றார். "கூரை வருமானம் தருமா? தொழில் கடன் கேட்டவங்களுக்கு முதல்ல கொடுக்கலாம்" என்று தள்ளிவைத்தோம். டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் வந்தது. ஆறு ஷீட் பறந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள், வாடகை நின்றது. அது பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த நேரம் வேறு. வங்கி வாசலில் வரிசை, குழுக் கணக்கில் இருந்த பணத்தைக்கூட நினைத்தபடி எடுக்க முடியவில்லை. அவர் தண்டல்காரரிடம் போனார். பத்தாயிரம் என்று எழுதி கையில் 8,500 கொடுத்தார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். அப்படி இரண்டு தண்டல். வருமானம் தராது என்று நாம் சொன்ன கூரைதான் அந்த வீட்டுக்கு வருமானமே தந்துகொண்டிருந்தது. அந்தச் சகோதரி இன்றும் நம் குழுவில் இருக்கிறார், இன்றைய கூட்டத்துக்கும் வந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஷீட் வீடு என்றால் முதலில் போல்ட்டும் வாஷரும் பாருங்கள். புயல் காற்று ஷீட்டை மேலிருந்து அமுக்குவதில்லை. கீழே புகுந்து தூக்குகிறது, மேலே போகிற காற்றும் இழுக்கிறது. ஓரத்து ஷீட்தான் முதலில் கிளம்பும். மேலே நாலு செங்கல் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஷீட் பறந்தால் அந்தச் செங்கல்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை தலையில் விழும். ஷீட் மேல் நேராகக் கால் வைத்து ஏறவே கூடாது. பழைய ஷீட் அப்பளம் மாதிரி உடையும். பலகை போட்டு, கீழே மரச்சட்டம் இருக்கிற இடத்தில்தான் நிற்கணும். மழை பெய்யும்போது ஏறவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி மூச்சில் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அறுக்கவோ துளை போடவோ வேண்டி வந்தால் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாட விடாதீர்கள்.

தகர ஷீட் போட்டவர்கள் மார்கழி விடியற்காலையில் "மழையே இல்ல, சொட்டுது" என்பார்கள். அது ஒழுகல் இல்லை. சோறு வடிக்கிற ஆவியும் நம் மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. மேலே தார் பூசி என்ன பயன்? காற்று வெளியே போக வழி விட்டால் குறையும்.

தளம் போட்ட வீடு, தொகுப்பு வீடு இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறினால் கம்பி உப்பும், காரை பெயர்ந்து விழும். உள்பக்கம் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது புண்ணை மூடித் துணி கட்டுகிற மாதிரி. மேலே ஏறி வெடிப்பைக் கொத்தி அகலப்படுத்தி, தூசி தட்டி நனைத்து, நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்த்த சிமெண்ட்டால் அடைக்கணும். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். இப்போது அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விடாதீர்கள். கைப்பிடிச் சுவரில் முளைக்கிற அரசங்கன்று, ஆலங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். சாமி மரம் என்று விட்டால் சுவர் போய்விடும். மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் விட்டிருப்பவர்கள் தொட்டியில் மணலும் ஜல்லியும் சேறு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கீழே அடைத்தால் தண்ணீர் மேலே நிற்கும். சுவர் ஓதமாகி சுவிட்ச் பெட்டியில் கை வைத்தால் சுர்ரென்றால் உடனே மெயினை அணையுங்கள். அப்புறம்தான் மற்ற வேலை.

கீற்றுக் கூரைக்காரர்கள் மழைக்கு முன் கீற்று மாற்றி, மேலே தார்ப்பாய் போட்டு கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். பட்டா இருப்பவர்களுக்கு 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ஒதுக்கினார்கள். இந்த வருஷம் என்ன நிலவரம் என்று ஊராட்சி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். நமக்கு மிச்சம் கொஞ்ச நாள்தான். அதனால் செயற்குழு சார்பில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். இனி ஆடி மாதக் கூட்டத்திலேயே கூரைப் பழுதுப் பட்டியல் எடுப்பது, ஆவணியில் கடன் கொடுத்து முடிப்பது. கூரைக்கடனும் தொழில் கடன் வரிசையிலேயே நிற்கும். இந்த வருஷம் தாமதமாகிவிட்டது, ஆகவே உள்கடனில் இருக்கிற தொகையை இந்த மாதம் கூரைக்கு முதலில் தரலாம் என்பது எங்கள் எண்ணம். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். தேவைப்படுகிறவர்கள் சாயங்காலத்துக்குள் உங்கள் ஊக்குநரிடம் பேர் கொடுங்கள். நாளை காலை நாங்கள் இரண்டு பேரும் கொத்தனாரும் ஒவ்வொரு வீடாக வந்து பார்க்கிறோம்.