பாடசாலைக் கட்டிடத்தில் எலியும் பூச்சியும்

(கிராமப் பாடசாலை உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் மிக அற்பமானதுபோல உங்களுக்குத் தோன்றலாம். எலி, கரப்பான், கரையான், எறும்பு இவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமும் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சுகாதார உத்தியோகத்தில் இருந்த காலத்தில் நான் பார்வையிட்ட பாடசாலைகளில், இந்த ஜந்துக்களைக் கண்டு நான் அஞ்சியதைவிட, அவற்றைக் கொல்லுவதற்கென்று பெரியவர்கள் வாங்கி வைத்த மருந்துகளைக் கண்டு அஞ்சியதே அதிகம்.

ஒரு பாடசாலையின் நிலைமையைச் சொல்லுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே சத்துணவுக்குரிய சாமான் அறையில், துவரம்பருப்பு டின்னுக்கு அருகில், பழைய சர்பத் புட்டியொன்றில் வெண்மையான திரவம் பாதியளவு இருந்தது. மேலே சீட்டு ஒன்றும் ஒட்டப்படவில்லை. சமையல் செய்யும் அம்மாளைக் கேட்டேன், பினாயில் என்றார். உதவிக்கு இருந்த பெண், அது கரையான் மருந்து என்றாள். தலைமை உபாத்தியாயரோ, தாம் மாற்றலாகி வருமுன்பே அப்புட்டி அங்கே இருந்தது என்றும், எடுத்து எறிய மனம் வரவில்லை என்றும் சொன்னார். மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அது இன்னதென்று மூவருக்கும் தெரியாது என்பதே உண்மை. அப்புட்டிக்கு மூன்று அடி தூரத்தில் தினந்தோறும் குழந்தைகளுக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது.

இத்தகைய அஜாக்கிரதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பீகார் மாகாணத்தில் நடந்த துயரமே சாட்சி. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் தேதி, சாரண் ஜில்லாவில் கண்டாமன் என்னும் கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் மத்தியான உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். பிறகு பரிசோதித்துப் பார்த்ததில், சமையல் எண்ணெயில் மானோகுரோட்டபாஸ் என்னும் விஷமருந்து கலந்திருந்தது வெளியாயிற்று. அது வயலில் பயிருக்குத் தெளிப்பது. பாடசாலைப் பூச்சிகளுக்காக வாங்கியது அன்று. ஆயினும் விஷமும் உணவும் ஒன்றையொன்று நெருங்க விட்டதன் பயன் அதுவே. 2016-ஆம் ஆண்டில் அப்பாடசாலைத் தலைமை ஆசிரியைக்கு நியாயஸ்தலம் தண்டனை விதித்தது. தண்டனையால் அந்த 23 வீடுகளுக்கும் ஆறுதல் உண்டாயிற்றா என்பதை நான் சொல்லத் தகுதியுடையவனல்லன்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இருமடங்கு எச்சரிக்கையாயிருப்பதற்குக் காரணம் உண்டு. பெரியவன் ஒருவன் மருந்து தெளித்த தரையில் நடந்து போகிறான். குழந்தையோ அதே தரையில் உட்கார்ந்து எழுதுகிறது, விழுந்த பல்பத்தை எடுத்து வாயில் வைக்கிறது. அதன் உடல் எடைக்கு அது உட்கொள்ளும் காற்றும் உணவும் நம்மைவிட அதிகம். நமக்குத் தலைவலியோடு போகும் அளவு, அதற்குப் பிராணாபத்தாக முடியலாம்.

இனி, இந்த ஜந்துக்கள் பாடசாலைக்கு ஏன் வருகின்றன என்று பார்ப்போம். உணவு, தண்ணீர், ஒளிந்திருக்க இடம் என்னும் மூன்றுக்காகவே வருகின்றன. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு முதல் பாடசாலையில் மத்தியான உணவு அளிக்கப்பட்டு, 1982-ல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்திருக்கிறது. பசியோடு எழுத்துப் படிக்க முடியாது என்பதை அறிந்தவர்கள் இத்திட்டங்களைக் குறைகூறமாட்டார்கள். ஆனால் அரிசியும் பருப்பும் சேமித்து வைக்கும் கட்டிடத்திற்கு எலி வருவதும் இயற்கையே. ஆகையால் எலியை வெல்லும் யுத்தம் வகுப்பறையில் இல்லை, சாமான் அறையில்தான் இருக்கிறது.

அந்த அறையை நீங்கள் ஒருமுறை இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பாருங்கள். பகலில் தெரியாதவை அப்பொழுது தெரியும். சுண்டெலி கால் அங்குல இடைவெளியில் நுழையும். பெரிய எலியின் குட்டிக்கு அரை அங்குலம் போதும். கதவின் அடியில் உங்கள் சுண்டு விரல் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் அடிப்பாகத்தில் தகரத் தகடு அடித்தால் எலி கடித்துத் துளையிடாது. ஜன்னலுக்கும் காற்றுத் துவாரத்திற்கும் நெருக்கமான கம்பிவலை வேண்டும். சுவரில் கண்ட வளைகளை உடைந்த கண்ணாடித் துண்டும் சிமெண்டும் சேர்த்து அடைக்க வேண்டும். மண்ணால் அடைத்தால் மறுநாள் காலையிலேயே திறந்திருக்கும். இவ்வேலைக்கு ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி ஆகும். அந்தக் கூலிக்குப் பணம் இல்லை என்று சொல்லும் ஊரில், ஆண்டுதோறும் எலி மருந்துக்கு மட்டும் பணம் கிடைத்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

அரிசி மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். அப்பொழுதுதான் பின்புறம் பெருக்கவும், எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பார்க்கவும் வழியிருக்கும். பருப்பும் சர்க்கரையும் இறுக மூடும் தகர டின்னில் இருக்கட்டும். மிஞ்சிய சோற்றை மாலைவரை வைத்திராமல் அன்றே அகற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே தங்கிவிட்ட எலிகளுக்குப் பொறியே சிறந்தது. எலி சுவரோரமாகவே ஓடும் வழக்கமுடையது. ஆகையால் பொறியை அறை நடுவில் வைத்துவிட்டு, விழவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. மேலும் புதிய பொருளைக் கண்டால் அது சந்தேகப்படும். இரண்டு மூன்று இரவுகள் பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ வடைத் துண்டோ மாத்திரம் வைத்துப் பழக்குங்கள், பிறகு பூட்டுங்கள். குழந்தைகள் வருமுன் அதை எடுத்துவிட வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது.

எலிப் பாஷாணத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கண்டிப்பானது: பாடசாலைக்குள் அது வேண்டாம். விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் கழித்துக் கூரையிடுக்கில் செத்து, எடுக்க முடியாமல் நாற்றமெடுக்கும். அதைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையினால் நேர்ந்த மரணங்கள் பலவாதலால், 2023-ல் தமிழ்நாடு அரசாங்கம் அதை விற்கக் கூடாதென்று தடைசெய்தது. தானியத்திற்கு வைக்கும் மாத்திரைகள் சில, காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் பாஸ்பைன் என்னும் விஷவாயுவை வெளியிடும். அவற்றைச் சாமான் அறையில் வைப்பது கொலைக்குச் சமானம். சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பர் மாதம், வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியால் தூக்கத்திலிருந்த இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். மருந்தை அவர்கள் தின்னவில்லை, தொடவுமில்லை.

கடைகளில் விற்கும் எந்தப் பூச்சி மருந்தின் மேலும் சாய்சதுரமான ஒரு குறி உண்டு. அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை இவற்றுள் குறைந்தது. எழுத்து வாசனையற்றவர்களும் அறியும் பொருட்டுச் சட்டம் இதை ஏற்படுத்தியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் உள்ளவை பாடசாலை வாசற்படியைத் தாண்டக் கூடாது. பச்சை என்றால் பண்டம் என்று பொருளன்று, அதையும் பூட்டியே வைக்க வேண்டும். மருந்து தான் வந்த புட்டியைவிட்டு வேறு புட்டிக்கு மாறவே கூடாது.

இரண்டு பொருள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, கரப்பானுக்கும் எறும்புக்கும் கோடு கிழிக்க விற்கும் சாக்குக்கட்டி. உருவத்தில் அது கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியைப் போலவே இருக்கும். ஆனால் பூச்சி மருந்து சேர்த்துச் செய்தது. இதைப் பாடசாலைக்கு வாங்கி வர யாருக்கு மனம் துணிந்தது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். இரண்டாவது, பாச்சை உருண்டை. கற்கண்டுபோல வெண்மையாயிருப்பதால் சிறு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள இரத்தக் குறைபாட்டினால், ஓர் உருண்டைகூட இரத்த அணுக்களை அழித்துவிடும். புஸ்தக அலமாரியில் இதற்குப் பதிலாக வேப்பிலையை உலர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை அலமாரியைக் காலிசெய்து வெயிலில் காயவைப்பது போதுமானது.

கரப்பானை அலட்சியம் செய்யக் கூடாது. அதன் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்து, இழைப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். அது அட்டைப் பெட்டிகளோடு கடையிலிருந்தே வந்து சேருகிறது. பெட்டிகளை உள்ளே அடுக்காமல் அன்றே வெளியேற்றுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்து, இரவில் தொட்டியடியை உலர வைத்தால் பாதி குறைந்துவிடும். கண்ணெதிரே காண்பதற்குச் சவுக்காரத் தண்ணீர் போதும். அதற்குமேல் வேண்டுமானால், குழந்தைகளின் கைக்கு எட்டாத வெடிப்புகளில் மட்டும் வைக்கும் பசைமருந்து உண்டு. அறை முழுவதும் புகைபோலத் தெளிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கரையான் ஈரத்தைத் தேடி வருவது. சுவரில் அதன் மண்பாதையைக் கண்டால் சுரண்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தேடுங்கள். கூரை ஒழுக்கலோ, சுவரோரம் தேங்கும் நீரோ நிச்சயம் அகப்படும். தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவது அவசியமானால், உரிமம் பெற்றவர்களைக் கொண்டு கோடை விடுமுறையில் செய்ய வேண்டும். கிணற்றுக்கருகில் கூடவே கூடாது.

கொசுவைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரமோ பத்து நாளோ ஆகுமாதலால், வாரத்தில் ஒருநாள் தொட்டிகளைக் காலிசெய்து தேய்த்துக் கழுவினால் அது பெருகாது. குளவிக்கூட்டையோ தேன்கூட்டையோ கண்டால் பிள்ளைகளைக் கல்லெறிய விடாமல் தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லியனுப்புங்கள். பல்லி விஷமுள்ளதென்பது வெறும் நம்பிக்கை. ஆயினும் அதன் உடலில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே அது விழுந்த சாம்பாரைக் கொட்டிவிட வேண்டும்.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கித் தூசி எழுப்பாமல், முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்துச் சற்றுநேரம் ஊறவிட்டுப் பிறகு துடைத்தெடுக்க வேண்டும். இந்த வேலையையும் மருந்து தொடும் எந்த வேலையையும் மாணாக்கர்களிடம் ஒப்புவிக்கலாகாது. அதைத் தொண்டு என்று சொல்லிச் செய்விக்கும் உபாத்தியாயர்களும் உண்டென்பதால் இதைச் சொல்லுகிறேன்.

எவ்வளவு காத்தும் ஒரு குழந்தை மருந்தை விழுங்கிவிட்டால், உப்புநீர் புகட்டியும் தொண்டையில் விரல்விட்டும் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அதனால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். 108-க்குச் சொல்லியனுப்பி, மருந்துப் புட்டியையும் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் வைத்தியர் தக்க மாற்று மருந்து கொடுக்க இயலும். நான் முதலில் சொன்ன சர்பத் புட்டியிலிருந்து ஒரு குழந்தை குடித்திருந்தால், வைத்தியரிடம் என்னவென்று சொல்லியிருப்போம்?

அந்தப் புட்டியை அன்றே சமையலறைக்கு வெளியே எடுத்து, மேலே "விஷம்" என்று எழுதி ஒட்டி, பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒன்றியத்து விவசாய அதிகாரியிடம் ஒப்புவிக்கச் செய்தேன். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாதென்று சொன்னதும், பின் எங்கே கொட்டுவது என்று தலைமை உபாத்தியாயர் கேட்டார். உங்களில் பலருக்கும் அதே கேள்வி இருக்கும். உங்கள் சாமான் அறைகளில் அத்தகைய புட்டிகள் எத்தனை இருக்கின்றன என்பதை இந்த வாரத்திற்குள் பார்த்து எழுதிக் கொடுத்தால், அவற்றை ஒருங்கே அகற்றுவதற்கு நானும் உங்களோடு அதிகாரியிடம் வருகிறேன்.